தேவகிரியின் பாறையும் காரைக்காலின் மணலும்

எங்கள் மண்டபத்தூரில் கல் கிடையாது. வாசலில் தோண்டினால் மணல், அதற்குக் கீழே களி, அதற்கும் கீழே உப்புத் தண்ணீர். அம்மி, ஆட்டுக்கல், கோயில் தூண் எல்லாமே வெளியூரிலிருந்து வண்டியேறி வந்தவை. நண்டலாற்றைத் தாண்டி வடக்கே போனால் தரங்கம்பாடி. அங்கே 1620இல் டேனியர்கள் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டை செங்கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிறது. பக்கத்திலிருக்கும் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்ற லாரி லாரியாகப் பாறைகளைக் கொண்டுவந்து கரையில் கொட்டியிருக்கிறார்கள். கோட்டை என்றால் மனிதன் கட்டுவான், கடல் கரைக்கும் என்று பார்த்து வளர்ந்த ஊர் எங்களுடையது.

அதனால்தான், கல்லை அடுக்கிக் கட்டாமல் ஒரு மலையையே செதுக்கிக் கோட்டையாக்கிய இடம் ஒன்று மகாராஷ்டிரத்தில் இருக்கிறது என்று படித்த நாளிலிருந்து அதைப் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. தௌலதாபாத். யாதவ அரசர்களின் தலைநகராக இருந்தபோது அதன் பெயர் தேவகிரி.

ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்துப் படகுகளுக்கு 61 நாள் ஓய்வு. வலை பின்னுவது, இன்ஜின் பிரிப்பது போக மிச்ச நேரத்தில்தான் கடலோரத்தில் கல்யாணமும் கோயில் பயணமும். பெரியப்பாவுக்குச் சீரடி போக வேண்டும் என்று நெடுநாள் வேண்டுதல். "சீரடிக்குப் பக்கத்துலதான் பெரியப்பா, ஒரு கோட்டை இருக்கு" என்றேன். பக்கம் என்பது கொஞ்சம் தாராளமான சொல். கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். அவர் கேள்வி கேட்கவில்லை. காரைக்காலிலிருந்து சென்னை, அங்கிருந்து ஹைதராபாத், காச்சிகுடாவில் அஜந்தா எக்ஸ்பிரஸ். விடியும்போது ஜன்னலுக்கு வெளியே பச்சை என்பதே இல்லாமல் கறுப்பு மண்ணும் மொட்டைக் குன்றுகளும் ஓடிக்கொண்டிருந்தன. வயலும் வாய்க்காலும் பார்த்த கண்ணுக்கு அந்தச் சித்திரை மாதத்துத் தக்காணம் வேறு கிரகம்.

அவுரங்காபாத் என்றே நாக்கு பழகிவிட்ட நகரம், 2023 முதல் சத்ரபதி சம்பாஜிநகர். அங்கிருந்து எல்லோரா போகும் சாலையில் சுமார் 15 கிலோமீட்டர். எஸ்.டி. என்று மக்கள் சொல்லும் சிவப்பு அரசுப் பேருந்தில் காலையிலேயே ஏறிவிட்டோம். வெயில் ஏறினால் பாறை சுடும் என்று விடுதிக்காரர் எச்சரித்திருந்தார்.

மலை தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. சமவெளியில் தனியே நிற்கும் கூம்பு, தரையிலிருந்து சுமார் 200 மீட்டர் உயரம். மேல் பகுதி மற்ற மலைகளைப் போலப் புல்லும் புதருமாகச் சரிகிறது. அடிப்பகுதியில்தான் விஷயம். அங்கே சரிவே இல்லை. மலையைச் சுற்றிலும் சுமார் 50 மீட்டர் உயரத்துக்குப் பாறையை நேர்செங்குத்தாகச் சீவிவிட்டிருக்கிறார்கள். இயற்கையாகச் சரிந்து ஏற இடம் கொடுத்த மலையின் அடிவாரத்தைக் கழித்துக் கட்டி, ஏற வழியே இல்லாத சுவராக்கியிருக்கிறார்கள்.

யாதவ மன்னன் ஐந்தாம் பில்லமன் 1187இல் தனியரசு அறிவித்து தேவகிரியைத் தலைநகராக்கினான். பாறை வெட்டும் வேலை யாதவர் காலத்தில் தொடங்கி, பின்னால் வந்த சுல்தான்கள் காலத்திலும் தொடர்ந்தது. இந்த வட்டாரத்துக்கு இது புதிய தொழிலும் அல்ல. சிறிது தூரத்தில் இருக்கும் எல்லோராவில் எட்டாம் நூற்றாண்டிலேயே ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில் மலையை உச்சியிலிருந்து கீழ்நோக்கி வெட்டிக் கயிலாசநாதர் கோயிலை எடுத்திருந்தார்கள். எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக வழிந்து இறுகிய தக்காணப் பாறை எங்கே விட்டுக்கொடுக்கும், எங்கே முரண்டுபிடிக்கும் என்று தலைமுறைகளாகப் பழகிய கைகள் அவை. சாமிக்காக வெட்டிய உளி, பிறகு சண்டைக்காக வெட்டியது.

கோட்டைக்கு மூன்று சுற்று மதில். வெளிச்சுற்று அம்பர்கோட், எல்லோரா சாலையே அதன் வழியாகத்தான் போகிறது. அடுத்தது மகாகோட். மலையை ஒட்டி உள்ளே காலாகோட். வாயில்கள் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. முதல் கதவைத் தாண்டினால் ஒரு சின்ன முற்றம், அடுத்த கதவு பக்கவாட்டில். யானையை ஓடவிட்டு முட்ட இடமில்லை. கதவுகளிலும் யானை மத்தக உயரத்துக்கு இரும்பு முள். முற்றத்தில் நின்று சுற்றிலும் பார்த்த பெரியப்பா, "நண்டுக்கூடு மாதிரியில்ல செஞ்சி வச்சிருக்கான். வர்றது சுளுவு, திரும்பத்தான் முடியாது" என்றார்.

உள்ளே பெரிய நீர்த்தொட்டி, படிக்கிணறு, பழைய கோயில்களின் தூண்களைக் கொண்டு கில்ஜிகள் காலத்தில் எழுப்பிய பள்ளிவாசல். அந்தத் தூண்களின் நடுவே இன்று பாரத மாதா சிலை இருக்கிறது. எதிரே பாமினி சுல்தான் ஒருவர் பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டிய சாந்த் மினார், அறுபது மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கிறது. அடுத்து நீல ஓடு பதித்த மிச்சங்களோடு ஓர் இடிந்த மாளிகை. சீனி மகால் என்று பெயர். கோல்கொண்டாவின் கடைசி சுல்தான் அபுல் ஹசன் தானாஷா 1687இல் ஔரங்கசீப்பிடம் பிடிபட்டு, சாகும்வரை சிறையிருந்த இடம். 1677இல் சிவாஜி தெற்கே வந்து செஞ்சியைப் பிடித்தாரே, அந்தப் படையெடுப்புக்குத் துணையாக நின்றவர் இந்தத் தானாஷாதான். செஞ்சிக் கோட்டையின் சரித்திரத்தில் ஒரு வரியாக வந்துபோகும் மனிதரின் கடைசி அறையை இங்கே பார்த்தேன்.

இதற்கு மேல்தான் வெட்டிய கோட்டை தொடங்குகிறது. மலையைச் சுற்றி அகழி. மண்ணைத் தோண்டிய அகழி அல்ல, பாறையைக் குடைந்தது. சித்திரை வெயிலில் அடியில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் தேங்கியிருந்தது. இப்போது போக இரும்புப் பாலம் போட்டிருக்கிறார்கள். பழைய கல்பாலம் அதற்குக் கீழே கிடக்கிறது. அதைக் குனிந்து பார்க்க வேண்டும். கரையிலிருந்து படியிறங்கி, நடுவில் தாழ்ந்து, மறுபக்கம் மறுபடி படியேறுகிறது. பெரியப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணிய ஒரு ஆள் உசரம் ஏத்திவுட்டா பாலம் முங்கிடும்டா. எங்க இருக்குன்னே தெரியாது" என்றார். வழிகாட்டி இந்தியில் விளக்கத் தொடங்கியதும் அதைத்தான். நீரைப் பார்த்துப் பழகியவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அகழியின் மறுகரை, சீவிய மலை. கையெட்டும் தூரத்தில் அந்தச் சுவர். கிட்டத்தில் பார்த்தால் வழவழப்பு இல்லை. விரல் நீளத்துக்குச் சாய்ந்து சாய்ந்து உளித் தடங்கள், வரிசைக்கு மேல் வரிசையாக. சில இடங்களில் தடம் ஆழமாக இறங்கியிருக்கிறது. சில இடங்களில் பாறை கெட்டிப்பட்டு உளி நழுவி, கீறல் மட்டும் விழுந்திருக்கிறது. அடியிலிருந்து மேலே பார்த்தால் கழுத்து வலிக்கும்வரை அதே தடங்கள். அத்தனையும் ஒவ்வோர் அடியாகக் கைச் சுத்தியலில் விழுந்தவை. வெட்டியவர்களின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. உளி பிடிக்கத் தெரிந்தவர்களின் கைவேலைக்குக் கீழே கோட்டையை ஆண்டவர்களின் பெயர்கள்தான் பலகையில் இருக்கின்றன.

பாலத்தைத் தாண்டினால் அந்தேரி. மலையின் வயிற்றுக்குள் குடைந்த இருட்டுப் பாதை. இப்போது அதில் நுழையாமல் மேலே போக வெளியே படிக்கட்டு இருக்கிறது. பெரியப்பா முழங்காலைத் தடவிக்கொண்டு அதில் ஏறினார். நான் வழிகாட்டியோடு உள்ளே போனேன். சில அடிகளிலேயே வெளிச்சம் நின்றுபோனது. வௌவால் எச்சத்தின் நெடி மூக்கைக் குத்தியது. படிகள் ஒரே அளவில் இல்லை. ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது நாலு விரற்கடை. தெரிந்தவன் எண்ணி ஏறுவான், தெரியாதவன் விழுவான். பாதை வளைகிறது, பிரிகிறது. ஓரிடத்தில் திடீரென்று வெளிச்சம். வாசல் என்று நம்பி ஓடினால் கால் அகழியின் மேல் காற்றில் இருக்கும். மேலிருந்து கொதிக்கும் எண்ணெய் ஊற்றுவார்கள், வெளிவாசலை இரும்புத் தகட்டால் மூடி நெருப்பு வைத்துப் புகையை உள்ளே விடுவார்கள் என்று வழிகாட்டி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். அவர் டார்ச்சை ஒரு கணம் அணைத்தபோது அதில் பாதியையாவது நம்பத் தோன்றியது.

பதினான்காம் நூற்றாண்டில் இங்கே வந்த இபன் பதூதாவும் இந்தக் கோட்டையைப் பற்றி எழுதியிருக்கிறார். உச்சிக்குப் போகத் தோலால் செய்த ஏணி இருந்ததாம். இரவில் அதை மேலே இழுத்துக்கொள்வார்களாம். சிறைக்குழிகளில் பூனையைவிடப் பெரிய எலிகள் இருந்ததாகவும் குறித்திருக்கிறார். அதே மனிதர் பிறகு மதுரை சுல்தானகத்துக்கும் வந்துபோனார்.

மேலே வெயிலில் பெரியப்பா குரங்குக் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். மிச்சப் படிகளை நின்று நின்று ஏறினோம். பிள்ளையார் கோயில், ஷாஜகான் காலத்து பாரதரி மாளிகை, அதற்கும் மேலே ஜனார்தன சுவாமியின் குகை. பதினாறாம் நூற்றாண்டில் இந்தக் கோட்டையின் காவல் தலைவராக இருந்துகொண்டே துறவியாக வாழ்ந்தவர் அவர். மராட்டிய பக்திக் கவிஞர் ஏகநாதர் இவரிடம்தான் சீடராக இருந்தார். தஞ்சைப் பக்கத்துப் பஜனை மடங்களில் இன்றும் ஏகநாதரின் அபங்கங்கள் ஒலிக்கின்றன. அதற்கும் முன்பு, இங்கே ஆண்ட யாதவ மன்னன் சிங்கணனின் அவையில் இருந்துதான் சார்ங்கதேவர் 'சங்கீத ரத்னாகரம்' எழுதினார். கர்நாடக இசை படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியும், ஊர் தெரியாது. கோட்டை என்றதும் பீரங்கிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் இந்த மலையிலிருந்து நம் பக்கம் வந்து நிலைத்தவை பாட்டும் இலக்கணமும்தான்.

உச்சியில் பீரங்கி மேடையருகே பெரியப்பா மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். "ஏன் தம்பி, இதை எவன்டா ஏறி அடிச்சான்?"

"யாரும் ஏறி அடிக்கல பெரியப்பா. ஆனா பல தடவை விழுந்திருக்கு."

அந்தக் கதையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது. 1296இல் அலாவுதீன் கில்ஜி திடீரென்று வந்து முற்றுகையிட்டபோது யாதவ இராமச்சந்திரனின் படை இளவரசனோடு வெளியே போயிருந்தது. அவசரத்தில் வியாபாரிகளின் மூட்டைகளைத் தானியம் என்று கோட்டைக்குள் ஏற்றினார்கள். பிரித்துப் பார்த்தால் உப்பு. இது பாரசீக வரலாற்று ஆசிரியர் பிரிஷ்தா சொல்லும் கதை. பாறையில் ஒரு கீறல்கூட விழவில்லை. உள்ளே இருந்தவர்கள் பசியில் பணிந்தார்கள்.

"உப்புனாலயா?" என்று பெரியப்பா சிரித்துவிட்டார். வேதாரண்யம் உப்பளங்களுக்கு இந்தப் பக்கம் வாழ்கிறவருக்கு உப்பால் ஒரு ராஜ்ஜியம் போகும் என்பது நம்ப முடியாத செய்தி.

பணிந்த தேவகிரி அடுத்த சில ஆண்டுகளில் டில்லிக்குத் திறை கட்டியது. 1311இல் மாலிக்காபூர் தெற்கே இறங்கியபோது இங்கேதான் தங்கி, படைக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொண்டு, போசள நாடு வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தார். மதுரைக்கு வந்த நெருப்பு இந்த மலையடியில் இளைப்பாறிவிட்டு வந்தது.

1327இல் முகமது பின் துக்ளக் இதைத் தலைநகராக்கி தௌலதாபாத் என்று பெயர் வைத்தார். தமிழர்களுக்குத் துக்ளக் என்றால் அந்தப் பெயரில் நாடகம் போட்ட சோவின் முகம் வரும். ஆனால் வரைபடத்தை விரித்துப் பார்த்தால், இந்தியாவின் நடுவே இப்படியொரு மலை இருக்கும்போது அந்த எண்ணம் அவ்வளவு பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை. இடமாற்றம் நிலைக்கவில்லை. அவருடைய அமீர்களே கலகம் செய்து கோட்டையைக் கைப்பற்ற, அதிலிருந்து 1347இல் பாமினி அரசு பிறந்தது. 1633இல், நிஜாம்ஷாகி அரசின் கையில் இருந்த கோட்டையை மொகலாயத் தளபதி மகாபத் கான் முற்றுகையிட்டார். வெளி மதிலை வெடிவைத்துத் தகர்க்க முடிந்தது. மலையை ஒன்றும் செய்ய முடியவில்லை. உள்ளே தானியம் தீர்ந்தது, நோய் பரவியது, நிஜாம்ஷாகி அமைச்சராக இருந்த மாலிக் அம்பரின் மகன் பதே கான் பணமும் பாதுகாப்பும் பேசி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

எனக்கு மிகவும் நெருங்கிய கதை 1758ஆம் ஆண்டுடையது. பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி அந்த ஆண்டில் இந்தக் கோட்டையைக் காவல் தலைவரை வசப்படுத்தி வாங்கினார். அதே ஆண்டில், புதிதாக வந்திறங்கிய பிரெஞ்சுத் தளபதி லாலி, பழைய கடனை வசூலிக்கிறேன் என்று காரைக்கால் வழியாகத் தஞ்சாவூர் மேல் படையெடுத்தார். வழியெல்லாம் கொள்ளை. தஞ்சையைப் பிடிக்க முடியாமல் பசியும் களைப்புமாகக் காரைக்காலுக்கே திரும்பி வந்தார். புறப்படும் முன்பே புஸ்ஸியைத் தக்காணத்திலிருந்து தெற்கே வரச்சொல்லி ஆணை அனுப்பியிருந்தார். எங்கள் கரையிலிருந்து கிளம்பிய படையும் இந்த மலைக்கோட்டையும் ஒரே பிரெஞ்சுக் கணக்குப் புத்தகத்தில் இருந்த சில மாதங்கள் அவை. புஸ்ஸி போனார், இத்தனை சாமர்த்தியமாக வாங்கிய கோட்டையும் கைவிட்டுப் போனது.

ஆக, யாதவர், துக்ளக், நிஜாம்ஷாகி, பிரெஞ்சு என்று யார் கையிலிருந்து போனாலும், பாறை தோற்றுப் போகவில்லை. வயிறு தோற்றது, இல்லையென்றால் வாயிலில் நின்றவன் மனம் மாறியது. நம் ஊரிலும் அப்படித்தான். திருச்சி மலைக்கோட்டை 1736இல் சந்தா சாகிபிடம் போனது பீரங்கியால் அல்ல. பட்டில் சுற்றிய செங்கல்லைக் குரான் என்று காட்டி நாயக்க ராணி மீனாட்சியிடம் சத்தியம் செய்தார் என்பது அங்கே வழங்கும் கதை. மலையை எவ்வளவு செங்குத்தாகச் சீவினாலும் ஒரு கதவு வைத்துத்தான் ஆக வேண்டும். கதவு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு காவல்காரன், அவனுக்கு ஒரு குடும்பம், ஒரு விலை, ஒரு பயம். உளியால் செதுக்க முடியாத பகுதி அது.

இறங்கி வந்து கரும்புச்சாறு குடித்துவிட்டு, எல்லோரா பேருந்தைப் பிடித்தோம். குகைகளைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் தேடிப்போனது குகைகளை ஒட்டியிருக்கும் கிராமத்தை. உள்ளூரில் வெருள் என்கிறார்கள். கிருஷ்ணேஸ்வர் ஜோதிர்லிங்கக் கோயில் இருப்பதால் எப்போதும் கூட்டம். இந்த வெருள் கிராமத்துப் பட்டேல் குடும்பம்தான் போன்ஸ்லேக்கள். மாலோஜி போன்ஸ்லே இந்தக் கோயிலைப் பழுதுபார்த்தவர். தௌலதாபாத்தை ஆண்ட நிஜாம்ஷாகி அரசில் பதவி பெற்றவர். அவர் மகன் ஷாஹாஜி. ஷாஹாஜியின் மாமனார் லகுஜி ஜாதவ் 1629இல் தௌலதாபாத் கோட்டையிலேயே சுல்தானின் ஆட்களால் வெட்டிக் கொல்லப்பட்டார். ஷாஹாஜிக்கும் ஜிஜாபாய்க்கும் பிறந்தவர் சிவாஜி. இன்னொரு மனைவியின் மகன் ஏகோஜி. பீஜப்பூர் சுல்தானுக்காகத் தெற்கே வந்த ஏகோஜிதான் தஞ்சாவூரைப் பிடித்து அங்கே மராட்டிய அரசைத் தொடங்கியவர். தஞ்சைப் பெரிய கோயிலின் சுற்றுச்சுவரில் 1803இல் மராட்டியில் பொறித்த நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது; இந்தக் குடும்பத்தின் கதைதான் அது. ராஜராஜன் எழுப்பிய சுவரில் வெருள்காரர்களின் வம்சாவளி. அதைத் தஞ்சாவூரில் பலமுறை கடந்து போயிருக்கிறேன். அது எங்கே தொடங்குகிறது என்று இப்போதுதான் காலால் தெரிந்தது.

"அப்போ நம்ம தஞ்சாவூர் ராஜா இந்த ஊர்க்காரரா?" என்றார் பெரியப்பா.

"நம்மள வித்ததும் இந்த ஊர்க்காரர் வீட்டுப் பிள்ளைதான்" என்றேன்.

ஏகோஜியின் வழியில் வந்த சாகுஜி, 1738இல் அரியணையை இழந்து ஒதுங்கியிருந்தபோது புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு ஆளுநர் டூமாவிடம் உதவி கேட்டார். பதிலுக்குத் தருவதாகச் சொன்னது காரைக்காலை. அரியணை திரும்பக் கிடைத்ததும் பேச்சு மாறினார். அப்போது திருச்சி மலைக்கோட்டையில் உட்கார்ந்திருந்த சந்தா சாகிப் படையை அனுப்பிக் காரைக்காலைப் பிடித்து, 1739 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் கொடுத்தார். சுற்றுக் கிராமங்கள் பின்னால் ஒப்பந்தம் ஒப்பந்தமாகச் சேர்ந்தன. ஊர்களைக் கேட்காமலே ஊர்கள் கைமாறின. 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962இல் முடிந்தது.

தௌலதாபாத்தில் தலைமுறை தலைமுறையாகப் பாறையை வெட்டி ஓர் எல்லையை உண்டாக்கினார்கள். அது எந்த அரசையும் நிலைக்க வைக்கவில்லை. எங்கள் பக்கத்திலோ அரியணை இழந்த ஒருவர் உதவி கேட்டுப் பேசிய பேச்சில் ஓர் எல்லை உண்டானது. மணல்மேல் போட்ட அந்தக் கோடு இருநூற்று எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அழியவில்லை. தரங்கம்பாடிக்காரர்கள் தமிழ்நாடு, நடந்துபோகும் தூரத்தில் நாங்கள் புதுச்சேரி. அவர்களுக்கு ஒரு முதலமைச்சர், எங்களுக்கு இன்னொருவர். கோட்டை பார்க்கப் போகிறவர்கள் மதிலின் உயரத்தையும் அகழியின் ஆழத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். கூடவே, கடைசியில் யார் யாரிடம் என்ன பேசி அது கைமாறியது என்றும் கேட்டுக்கொள்வது நல்லது. மண்டபத்தூரில் எங்கள் வீட்டு ரேஷன் கார்டில் புதுச்சேரி அரசு என்று அச்சாகியிருப்பதற்கான காரணம், அப்படிக் கேட்டுக்கொண்டு போனால் வெருள் கிராமம்வரை வருகிறது.